முடிந்ததும் முடியாததும்: ஸ்பானிய ஒழுங்கு வினைகளின் இரண்டு இறந்தகாலங்கள்

குவாத்தமாலா எழுத்தாளர் அவுகுஸ்தோ மோன்தெரோசோ 1959இல் வெளியிட்ட தொகுப்பில் டைனோசரைப் பற்றிய ஒரு கதை இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அதன் மொத்த நீளம் ஏழு சொற்கள். யாரோ கண்விழிக்கிறார், டைனோசர் இன்னும் அங்கேயே இருக்கிறது. அவ்வளவுதான் கதை. இரண்டு வினைகளும் இறந்தகாலத்தில் வருகின்றன, ஆனால் ஒரே இறந்தகாலத்தில் அல்ல. கண்விழித்தது 'தெஸ்பெர்தோ' என்று முடிந்துபோன நிகழ்ச்சியாக வருகிறது. டைனோசர் இருந்தது 'எஸ்தாப' என்று, தொடக்கமும் முடிவும் தெரியாத நிலையாக வருகிறது. இரண்டாவது வினையையும் முதலாவதன் காலத்துக்கு மாற்றி 'எஸ்தூபொ' என்று எழுதினால் வாக்கியம் நொண்டும். 'இன்னும்' என்ற சொல்லோடு அது ஒட்டவே ஒட்டாது.

ஸ்பானிய மொழியைக் கற்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. விகுதிகளை மனப்பாடம் செய்யச் சில வாரங்கள் போதும். எந்த இடத்தில் எந்தக் காலம் என்பதில் தேறப் பல ஆண்டுகள் ஆகின்றன. வடிவம் இவ்வளவு எளிதாகவும் பயன்பாடு இவ்வளவு கடினமாகவும் இருப்பது ஏன்? மொழியிலேயே அந்தக் கடினம் இருக்கிறதா, கற்பிக்கும் முறையில் இருக்கிறதா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வாதத்தைக் குழப்பாமலிருக்க, இயன்றவரை ஒழுங்கு வினைகளே சான்றுகளாகத் தரப்படுகின்றன.

எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு. ஸ்பானிய மொழியில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. அழுத்தம் விழும் அசை எது என்பதே பொருளை மாற்றும். ஆகவே இங்கே ஸ்பானிய வினைகளை எழுதும்போது அழுத்தம் பெறும் உயிர் நெடிலாகவும் மற்றவை குறிலாகவும் தரப்படுகின்றன. 'கான்தொ' என்றால் 'பாடுகிறேன்'; 'கன்தோ' என்றால் 'பாடினாள்' அல்லது 'பாடினான்'. காலமும் ஆளும் அழுத்தம் நகர்வதிலேயே மாறிவிடுகின்றன.

ஒழுங்கு என்றால் என்ன

ஸ்பானிய வினைகள் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்று முடியும் மூன்று குடும்பங்களாகப் பிரியும். லத்தீனில் இருந்தவை நான்கு. அவற்றில் நடு இரண்டும் காஸ்தீலியம் என்றும் அழைக்கப்படும் ஸ்பானிய மொழியில் ஒன்றாகக் கலந்தன. முதல் குடும்பமே பெரியது. புதிதாகப் பிறக்கும் வினைகளும் அநேகமாக அங்கேதான் சேருகின்றன. ட்விட்டரில் எழுதுவதைக் குறிக்கும் 'துயிதெயார்' 2014இல் வெளிவந்த ஸ்பானிய அகாதெமி அகராதியின் 23ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அதன் இறந்தகாலம் என்னவென்று எந்த ஸ்பானியரும் யாரிடமும் கேட்கவில்லை. 'துயிதெயோ' என்று தானாக வந்தது.

இறந்தகாலத்தில் மூன்று குடும்பங்கள் இரண்டாகச் சுருங்குகின்றன. முடிந்ததாகக் காட்டும் முற்று இறந்தகாலத்தில் 'பாடு' என்னும் வினை இப்படி வரும்: கன்தே, கன்தாஸ்தெ, கன்தோ, கன்தாமொஸ், கன்தாஸ்தெயிஸ், கன்தாரொன். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் இவற்றைப் படிக்க வேண்டும். 'சாப்பிடு' என்னும் வினைக்கு: கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெயிஸ், கொமியேரொன். 'எழுது' என்னும் மூன்றாம் குடும்ப வினையும் இதே விகுதிகளைத்தான் எடுக்கும்: எஸ்க்ரிபீ, எஸ்க்ரிபீஸ்தெ, எஸ்க்ரிபியோ. முடிவைக் காட்டாத முற்றா இறந்தகாலம் இன்னும் சாது. கன்தாப, கன்தாபஸ், கன்தாப, கன்தாபமொஸ், கன்தாபைஸ், கன்தாபன் என்பது ஒரு வரிசை. கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயைஸ், கொமீயன் என்பது மற்றது. ஆக, நான்கு வரிசைகள், வரிசைக்கு ஆறு வடிவங்கள். லத்தீன் அமெரிக்காவில் பன்மை 'நீங்கள்' வடிவம் பேச்சில் வழங்குவதில்லை. அவர்கள் என்பதன் வடிவமே அதற்கும் போதும். அங்கே கற்பவருக்கு வரிசைக்கு ஒன்று மிச்சம்.

முற்றா இறந்தகாலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் மொழி முழுவதிலும் மூன்றே: இருத்தலைக் குறிக்கும் 'சேர்', செல்வதைக் குறிக்கும் 'ஈர்', காண்பதைக் குறிக்கும் 'பேர்'. முற்று இறந்தகாலத்தில் ஒழுங்கற்றவை கணிசம். ஆனால் அவற்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒழுங்கு வினைகளில் ஆறு வடிவங்களிலும் அழுத்தம் விகுதியின் மேல்தான் விழும். பகுதியின் மேல் விழவே விழாது. 'சொன்னார்' என்னும் பொருளுள்ள 'தீஹொ' போன்ற ஒழுங்கற்ற வடிவங்களில் அழுத்தம் பகுதிக்குப் போய்விடுகிறது. லத்தீனிலேயே இருந்த வேறுபாடு இது. 'நேசித்தேன்' என்னும் 'அமாவீ' தேய்ந்து 'அமே' ஆயிற்று, 'அமாவித்' தேய்ந்து 'அமோ' ஆயிற்று. வேறு வகை லத்தீன் வடிவங்கள் வேறு பாதையில் தேய்ந்தன. 'அமாபம்' என்ற முற்றா வடிவமோ ஏறத்தாழ அப்படியே 'அமாப' என்று இன்றும் நிற்கிறது.

ஒழுங்கின் இழுப்பு எவ்வளவு வலிமையானது என்பதற்குப் பேச்சுவழக்கே சான்று. 'நடந்தேன்' என்பதற்கு இலக்கணம் ஏற்கும் வடிவம் 'அந்தூபெ'. படித்தவர்கள் வாயிலிருந்துகூட 'அந்தே' என்று வந்துவிடுகிறது. முதல் குடும்பத்தின் ஒழுங்கு அந்த வினையையும் தன்பக்கம் இழுக்கிறது. 'நீ பாடினாய்' என்பதற்குக் 'கன்தாஸ்தெ' என்பதே ஏற்புடைய வடிவம். ஆனால் 'நீ' வடிவங்கள் பிற காலங்களில் எல்லாம் 'ஸ்' என்று முடிவதால் 'கன்தாஸ்தெஸ்' என்பவர்கள் ஸ்பெயினிலும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. பள்ளி ஆசிரியர்கள் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், வழக்கு ஓய்ந்தபாடில்லை.

ஒழுங்கற்றவை என்று வீணாகப் பழிசுமக்கும் சில வினைகளும் உண்டு. 'தேடு' என்னும் வினை 'நான்' வடிவத்தில் 'புஸ்கே' ஆகிறது. ரோமன் எழுத்தில் எழுதும்போது ககர ஒலியைக் காப்பாற்ற வேறு எழுத்துகளைப் போட வேண்டியிருப்பதால், பயிற்சி நூல்கள் இதை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. தமிழில் எழுதினால் எந்த மாற்றமும் கண்ணில் படாது. மாறியது எழுத்துக்கூட்டல் மட்டுமே.

பாடநூல் விதிகளும் அவற்றின் ஓட்டைகளும்

வடிவம் இப்படித் தெளிவாக இருக்க, சிக்கல் தேர்வில் தொடங்குகிறது. ஆங்கில வழியில் ஸ்பானிய மொழி கற்பிக்கும் நூல்களில் பெரும்பாலானவை ஒரு பட்டியலை முன்வைக்கின்றன. ஒருமுறை நடந்ததற்கு முற்று, பலமுறை நடந்ததற்கு முற்றா. சட்டென முடிந்ததற்கு முற்று, நீண்ட நேரம் நடந்ததற்கு முற்றா. வயது, வானிலை, மனநிலை எல்லாம் முற்றா. கூடவே அடையாளச் சொற்கள்: 'நேற்று' வந்தால் முற்று, 'எப்போதும்', 'தினமும்' வந்தால் முற்றா.

இந்தப் பட்டியலை உண்மையான வாக்கியங்களில் சோதித்தால் அது சீக்கிரமே உதிர்கிறது. ஒருவர் மத்ரிதில் 40 ஆண்டுகள் வாழ்ந்தார் என்று சொல்ல வேண்டுமா? 'பிபியோ' என்ற முற்று வடிவமே இயல்பு. 40 ஆண்டு என்பது சட்டென முடிவதல்ல. அந்தக் கோடையில் அவர் தினமும் நீந்தினார் என்பதற்கும் முற்று வடிவம் தாராளமாக வரும், 'தினமும்' என்ற சொல் இருந்தாலும். வாழ்நாள் முழுக்க எப்போதும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்தார் என்றால் 'த்ரபஹோ'. நேற்று நாள் முழுக்க மழை பெய்தது என்றால் 'யொபியோ'. வானிலைதான், ஆனாலும் முற்று. மறுபக்கம், நேற்று மாலை ஐந்து மணிக்கு மழை பெய்துகொண்டிருந்தது என்றால் 'யொபீய'. 'நேற்று' இருந்தும் முற்றா.

நீளமும் எண்ணிக்கையும் அடையாளச் சொற்களும் காலத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அவை தேர்வோடு அடிக்கடி சேர்ந்து வருபவை, அவ்வளவே. தொடக்க வகுப்பில் பத்துக்கு ஏழு வாக்கியங்களைப் பட்டியல் சரியாகக் கணித்துவிடலாம். மீதி மூன்றில் மாணவர் குழம்புவார், பிறகு தன்மேலேயே ஐயம் கொள்வார். பட்டியலை ஐயுற அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

எல்லை என்ற கருத்து

பழைய இலக்கணக்காரர்கள் இதைவிடத் தெளிவாகவே இருந்தார்கள். 1492இல் சலமான்காவில் ஆன்தோனியோ தெ நெப்ரிஹா வெளியிட்ட காஸ்தீலிய இலக்கணம் ஐந்து காலங்களைப் பேசுகிறது. அவற்றில் ஒன்று முடிந்த இறந்தகாலம், ஒன்று முடியாத இறந்தகாலம், மற்றொன்று முடிந்ததற்கும் அப்பால் முடிந்தது. லத்தீன் கலைச்சொற்களை நேரடியாகக் காஸ்தீலியப்படுத்திய பெயர்கள்தாம் இவை. ஆனாலும் கருத்து பிசகவில்லை: நிகழ்ச்சி எவ்வளவு நீண்டது என்பதல்ல, முடிந்ததாகக் காட்டப்படுகிறதா என்பதே வேறுபாடு.

பிற்காலப் பெயர்கள்தாம் குழப்பின. ஸ்பானிய அகாதெமியின் பழைய இலக்கணங்கள் முற்று இறந்தகாலத்தை 'இந்தெபினீதொ', அதாவது 'வரையறையற்றது' என்றன. எல்லை கட்டும் காலத்துக்கு எல்லையற்றது என்று பெயர்! இதே காலத்தைப் பிரெஞ்சு இலக்கணம் 'வரையறுக்கப்பட்டது' என்று அழைத்துவந்தது வேடிக்கை. 1973இல் அகாதெமி வெளியிட்ட இலக்கண முன்வரைவு 'எளிய முற்று' என்ற பெயருக்கு மாறியது. ஸ்பெயினில் அச்சாகும் பாடநூல்கள் பலவற்றில் 'இந்தெபினீதொ' இன்னும் விடைபெறவில்லை. 2009இல் ஸ்பானிய மொழி அகாதெமிகள் எல்லாம் கூட்டாக வெளியிட்ட புதிய இலக்கணம் இரண்டு பெயர் மரபுகளையும் அருகருகே கொடுக்கிறது. இரண்டாவது மரபு அந்திரேஸ் பேயோவுடையது.

காரகாசில் 1781இல் பிறந்து சிலியில் வாழ்ந்து மறைந்த பேயோ, 1847இல் அமெரிக்கர்களின் பயன்பாட்டுக்கென்று காஸ்தீலிய இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். வினைக் காலங்களைப் பற்றி அதற்கு முன்பே, 1841இல், தனி நூல் எழுதியிருந்தார். முற்றா இறந்தகாலத்துக்கு அவர் வைத்த பெயர் 'கோப்ரெதேரித்தோ', அதாவது 'உடனிகழ் இறந்தகாலம்'. கடந்தகாலத்தில் நடந்த ஒன்றோடு உடன் நிகழ்ந்ததைச் சொல்வதே அதன் வேலை என்பது அவர் வாதம். மெக்சிகோவின் பள்ளிகளில் இந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது. கில்யெர்மோ ரோஹோ 1974இல் எழுதிய ஆய்வு இதே பாதையை நவீன மொழியியலின் கருவிகளோடு நீட்டித்தது.

இன்னொரு மரபு, காலத்தைவிட நோக்குநிலையை முதன்மைப்படுத்துகிறது. முற்று நிகழ்ச்சியை வெளியிலிருந்து முழுதாகப் பார்க்கிறது, முற்றா அதை உள்ளேயிருந்து, விளிம்புகள் தெரியாமல் பார்க்கிறது என்பது இதன் சாரம். பெர்னார்ட் காம்ரியின் 1976ஆம் ஆண்டு நூலுக்குப் பின் இந்த விளக்கம் பரவலாயிற்று. இரண்டு மரபுகளையும் மோதவிட்டுப் பார்ப்பதில் அறிஞர்களுக்கு விருப்பம் உண்டு. கற்பவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சோதனையில் வந்து நிற்கின்றன. 'நான் வந்தபோது ஹுவான் காபி போட்டார்' என்பதில் 'ப்ரெபராப' என்று சொன்னால், நான் வரும்போதே அவர் காபி போட்டுக்கொண்டிருந்தார். 'ப்ரெபரோ' என்று சொன்னால், நான் வந்த பிறகு, பெரும்பாலும் எனக்காக, போட்டார். வினை ஒன்று, காபி ஒன்று; எல்லை கட்டியதும் கதையின் வரிசை மாறுகிறது.

மூன்றாவதாக, ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் வைன்ரிக் 1964இல் முன்வைத்த கருத்து இலக்கிய வாசகர்களிடையே செல்வாக்குப் பெற்றது. முற்று கதையின் முன்னரங்கு, முற்றா அதன் பின்னரங்கு. முற்று வினைகள் கதையை நகர்த்தும், முற்றா வினைகள் காட்சியை விரித்து வைக்கும். நாவல்களைப் படிக்கும்போது இது அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் பின்னரங்கு என்றதும் முக்கியத்துவம் குறைந்தது என்று பாடநூல்கள் எடுத்துக்கொண்டதுதான் பிழை. மோன்தெரோசோவின் கதையில் பின்னரங்கில் நிற்பது டைனோசர். கதையின் எடை முழுவதும் அதன் மேல்தான்!

'பொருள் மாறும் வினைகள்' என்ற கட்டுக்கதை

பாடநூல் பட்டியல்களின் கடைசியில் ஒரு தனிப்பெட்டி இருக்கும்: இறந்தகாலத்தில் பொருள் மாறும் வினைகள். ஒருவரை அறிந்திருப்பதைக் குறிக்கும் 'கொனொஸேர்' அதில் தவறாமல் வரும். முற்றாவில் 'கொனொஸீய' என்றால் தெரிந்திருந்தது, முற்றில் 'கொனொஸீ' என்றால் முதன்முதலாகச் சந்தித்தேன். இது வேறு பொருள், ஆகவே தனியாக நெட்டுரு செய்யுங்கள் என்கிறது பெட்டி.

பொருள் எதுவும் மாறவில்லை. அறிதல் என்ற நிலைக்கு ஒரு தொடக்கம் உண்டு. முற்று இறந்தகாலம் அந்தத் தொடக்க எல்லையைத் தொடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு வேறு வினை தேவைப்படுவதால், ஆங்கில நூலாசிரியரின் கண்ணுக்கு ஸ்பானிய வினை பொருள் மாறியதாகத் தோன்றுகிறது. பேயோ இதை 1847இலேயே விளக்கிவிட்டார். நிறைவுற்றதும் ஓய்ந்துபோகும் வினைகள் ஒரு வகை. பிறத்தல், இறத்தல் போன்றவை. நிறைவுற்ற பிறகும் நீடிப்பவை இன்னொரு வகை. காணுதல், கேட்டல், இருத்தல் போன்றவை. கரையைக் கண்டதும் கப்பலை அதை நோக்கித் திருப்பினோம் என்று சொல்லும்போது, கண்டது முற்று வடிவில் வருகிறது, காண்பதோ அதன் பிறகும் தொடர்கிறது. நீடிக்கும் வகை வினைகளில் முற்று வடிவம் நிலையின் முதல் கணத்தைச் சுட்டும் என்பதே அவர் சொன்னது. இந்த விளக்கம் அச்சாகி 170 ஆண்டுகளுக்கு மேலான பிறகும் தனிப்பெட்டி அகலவில்லை என்பது பாடநூல் துறையின் சோம்பல்.

தமிழ் வழியே போனால்

இங்கேதான் தமிழ் வாசகருக்கு எதிர்பாராத ஓர் அனுகூலம் கிடைக்கிறது. 'அந்தப் படம் எனக்குப் பிடித்தது' என்பதும், 'சின்ன வயதில் எனக்கு அந்த மாதிரிப் படங்கள்தாம் பிடிக்கும்' என்பதும் தமிழில் வெவ்வேறு வடிவங்கள். முதலாவது 'குஸ்தோ', இரண்டாவது 'குஸ்தாப'. வினை வடிவம் மட்டுமல்ல, 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமை அமைப்பும் இரண்டு மொழிகளிலும் ஒன்றுபோல் அமைகிறது. 'செய்தி நேற்றுத்தான் தெரிந்தது' என்று தமிழர் சொல்லும்போது தெரிதலின் தொடக்கத்தைச் சொல்கிறார். 'எனக்கு அப்போதே தெரியும்' என்னும்போது நிலையைச் சொல்கிறார். ஸ்பானியத்தில் முதலாவது 'சூபெ', இரண்டாவது 'சபீய'. ஆங்கில மாணவர் பெட்டியிலிருந்து நெட்டுரு செய்ய வேண்டியதைத் தமிழ் மாணவர் தாய்மொழியிலேயே வைத்திருக்கிறார். ஆங்கிலத்தைச் சுற்றிப் போகும்போது அதைத் தொலைக்கிறார்.

வழக்கமாக நடந்ததைச் சொல்ல, தமிழ் எதிர்கால வடிவத்தையே கடந்தகாலத்துக்குக் கொண்டுபோகிறது: 'அப்போதெல்லாம் பாட்டி விடியற்காலையில் பாடுவாள்'. நடந்துகொண்டிருந்ததற்குப் 'பாடிக்கொண்டிருந்தாள்'. இந்த இரண்டுக்கும் ஸ்பானியத்தில் ஒரே வடிவம் போதும்: 'கன்தாப'. ஆகவே தமிழரின் வேலை பிரிப்பதல்ல, சேர்ப்பது. வெறும் 'பாடினாள்' பெரும்பாலும் 'கன்தோ'வோடு பொருந்தும்.

பொறிகளும் உண்டு. 'இருந்தார்' என்ற ஒரே வடிவம் தமிழில் இரண்டு வேலையையும் பார்க்கிறது. 'மூன்று வருடம் அங்கே இருந்தார்' என்பது எல்லை கட்டியது. 'நான் போனபோது அங்கே இருந்தார்' என்பது கட்டாதது. ஸ்பானியத்தில் முதலாவதற்கு 'எஸ்தூபொ', மற்றதற்கு 'எஸ்தாப'. இன்னொன்று, 'கொண்டிருந்தேன்' வரும் இடமெல்லாம் தொடர்வினைக் கூட்டுவடிவம் ஒன்றைத் தேடும் பழக்கம். ஸ்பானியத்தில் அப்படி ஒரு வடிவம் இருக்கிறது என்றாலும், தனித்து நிற்கும் 'கன்தாப'வே பல இடங்களில் போதுமானது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

கற்பவர்கள் எந்த வரிசையில் இவ்விரண்டையும் பிடிக்கிறார்கள் என்பது 1980கள் முதல் தீவிரமாக ஆராயப்பட்டுவருகிறது. தத்துவ அறிஞர் ஸேனோ வெண்ட்லர் 1957இல் வினைகளை நிலை, செயல், நிறைவு நோக்கிய செயல், கண நேர நிகழ்வு என நான்காகப் பிரித்தார். ரோஜர் ஆண்டர்சன் அதை ஸ்பானியம் கற்பவர்களின் பேச்சுக்குப் பொருத்தினார். முற்று வடிவம் முதலில் கண நேர நிகழ்வுகளில் முளைத்து, பிறகு நிலைகளை நோக்கிப் பரவுகிறது. முற்றா வடிவம் எதிர்த்திசையில் நிலைகளில் தொடங்குகிறது என்பது அவர் கண்டது. அதாவது கற்பவர் ஆரம்பத்தில் இறந்தகாலத்தைத் தேர்வதே இல்லை. வினையின் இயல்பே அவருக்காகத் தேர்ந்துவிடுகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்த ரபேல் சலபெரி 1999இல் இதோடு முழுமையாக உடன்படவில்லை. வகுப்பறையில் தொடங்குபவர்கள் வினை எதுவாயினும் முற்று வடிவத்தையே இறந்தகாலத்தின் பொது அடையாளமாகப் போட்டுவிடுகிறார்கள் என்றார். முரண்போலத் தெரிந்தாலும் இரண்டையும் ஒதுக்க வேண்டியதில்லை. இயல்பான சூழலில் கேட்டுக் கற்பவரும் வகுப்பில் பட்டியல் பார்த்துக் கற்பவரும் ஒரே வாசல் வழியாக நுழைவதில்லை. ஆங்கிலத்தில் எளிய இறந்தகாலம் ஒன்றே இருப்பதால், அதற்கு நேரானதாக முற்று வடிவத்தை மாணவர் நினைத்துக்கொள்வது நடக்கக்கூடியதே. சில்வினா மொன்த்ருலும் ருமியானா ஸ்லபகோவாவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது: மிக உயர்ந்த நிலையை எட்டியவர்களில் பலர் இந்த வேறுபாட்டைத் தாய்மொழியாளரைப் போலவே உணர்கிறார்கள். எட்ட முடியாத மலை என்ற அவநம்பிக்கைக்கு இடமில்லை.

எல்லைக்குள் அடங்காதவை

எல்லை என்ற ஒற்றைக் கருத்து பட்டியலைவிட மேலானது என்றாலும் எல்லாவற்றையும் விளக்கிவிடுவதில்லை. ஸ்பானியப் பத்திரிகைகளில் ஒரு நடை உண்டு. '1547இல் செர்வான்தெஸ் பிறந்தார்' என்பதற்கு 'நஸியோ' என்று வரவேண்டிய இடத்தில் 'நஸீய' என்று எழுதுவார்கள். கால்பந்துச் செய்திகளில் 90ஆவது நிமிடத்தில் ஒருவர் கோல் அடிப்பதும் 'மர்காப' ஆகிவிடும். பிறப்பும் கோலும் தெளிவாக முடிந்த நிகழ்ச்சிகள். ஆனாலும் முற்றா வடிவம் அவற்றைக் கண்முன் நிறுத்திவைக்கிறது. வாசகர் அந்தக் கணத்தின் உள்ளே நின்று பார்க்கிறார். நோக்குநிலை விளக்கத்துக்கு இது சாதகம். உடனிகழ்வு விளக்கமோ இங்கே திணறுகிறது, எதனோடு உடன் நிகழ்ந்தது என்று காட்ட வேண்டியிருப்பதால்.

குழந்தைகளின் விளையாட்டு இன்னும் சங்கடமான சான்று. 'நான் வாங்குவேனாம், நீ விற்பாயாம்' என்று தமிழ்க் குழந்தைகள் சொல்லும் இடத்தில் ஸ்பானியக் குழந்தைகள் 'கொம்ப்ராப', 'பென்தீயஸ்' என்று முற்றா இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். கடந்தகாலமே அங்கே இல்லை. 'உங்களிடம் ஒன்று கேட்க விரும்பினேன்' என்று இப்போது கேட்கும் மரியாதையும் அதே வடிவத்தில்தான். நாளைய வருகையைப் பற்றிக்கூட, 'உங்கள் அண்ணன் நாளைக்குத்தானே வருவதாக இருந்தது?' என்ற பொருளில், 'யெகாப' என்று கேட்கலாம். இவற்றில் எல்லாம் முற்றா வடிவம் காலத்திலிருந்து விலகி, நேரடி உண்மையிலிருந்து ஓரடி பின்வாங்கும் கருவியாகிறது. முற்று வடிவத்தை இந்த வேலைகளுக்கு அனுப்ப முடியாது. அது நடந்ததை நடந்ததென்று அறுதியிட்டுவிடும்.

கடல் கடந்தால்

கடைசிச் சிக்கல் நிலவரைபடத்தோடு தொடர்புடையது. முற்று இறந்தகாலத்தின் சுமை எல்லா ஸ்பானிய நாடுகளிலும் ஒன்றல்ல. மத்ரிதில் இன்று காலை ரொட்டி வாங்கியதைச் சொல்ல 'எ கொம்ப்ராதொ' என்ற கூட்டு வடிவம் வரும்; நேற்று வாங்கியதற்குத்தான் 'கொம்ப்ரே'. அங்கே இரவோடு ஒரு கோடு விழுகிறது: ஒரே ரொட்டி, விடிந்தால் காலம் மாறிவிடும். கலீசியா, அஸ்தூரியாஸ், கனாரித் தீவுகள் ஆகியவற்றிலும் லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் இன்று காலை வாங்கியதும் 'கொம்ப்ரே'தான். பொலிவியாவிலும் அர்ஜென்டினாவின் வடமேற்கிலும் கூட்டு வடிவத்துக்குப் புழக்கம் அதிகம். ஆக, ஸ்பெயினில் அச்சான நூலைப் படித்தவர் புவெனோஸ் ஐரெஸில் போய்ப் பேசினால், இலக்கணப் பிழை ஏதும் இல்லாமலேயே வெளியூர்க்காரராகத் தெரிவார்.

மெக்சிகோ வழக்கு இவற்றில் மிக நுட்பமானது. ஹுவான் லோப்பே பிளாஞ்ச் 1961இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, கூட்டு வடிவம் அங்கே ஸ்பெயினில்போல அண்மையைக் குறிப்பதில்லை, இன்னும் மூடப்படாததையே குறிக்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. 20 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்கிறேன் என்று கூட்டு வடிவில் சொல்பவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். 'பிபீ' என்றால் குடிபெயர்ந்துவிட்டார். பேருந்து நிலையத்தில் வண்டி வந்துவிட்டதா என்று கேட்பவர் 'யெகோ' என்ற முற்று வடிவத்தில் கேட்பார். பதில் ஆம் என்றால் அதே 'யெகோ'. இன்னும் வரவில்லை என்றால் 'அ யெகாதொ' என்ற கூட்டு வடிவம் எதிர்மறையோடு வரும், வண்டியை இன்னும் எதிர்பார்த்திருப்பதால். அதே எதிர்மறையை 'யெகோ'வோடு சேர்த்துச் சொன்னால், வண்டி வரவில்லை, இனி அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.